உப்பு ஜாடிக்குப் பின்னால்

ஆவுடையம்மாளின் அடுக்களையை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும், அவளைவிட அதிகமாகத் தலைநிமிர்ந்து நடந்தது சண்முகவடிவுதான். நடக்கமாட்டாளா பின்னே! இருபத்தெட்டு வருஷமாக அந்த அடுக்களையே கதியென்று கிடந்தவள் அல்லவா.

குரு, சிஷ்யை என்றெல்லாம் அவர்கள் சொல்லிக்கொண்டதில்லை. இவளுக்கு அவள் அக்கா, அவளுக்கு இவள் வடிவு, அவ்வளவுதான். முப்பது வயதில், ஒரு புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவள் வடிவு. இப்போது ஐம்பத்தெட்டு ஆகிறது. குழம்பு வைக்கக் கற்றாகிவிட்டது, ஆள்தான் கிளம்பவில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் அக்காவின் பெயர் தெரியாத வீடு கிடையாது. ரேடியோவில் இருபது வருஷம் சமையல் சொன்னவள். அவள் எழுதிய புத்தகம் பதினெட்டுப் பதிப்புக் கண்டது. அதன் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: ‘கடைப் பொடி ஏறிய அடுக்களையில் கைமணம் தங்காது.’ வடிவுக்கு அது வேதவாக்கு. மணிக்கட்டு வீங்கினாலும், உரலில் இடித்த பொடியில்தான் குழம்பு வைப்பாள்.

இப்போது அக்காவுக்கு எழுபத்தெட்டு. வீட்டைக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறாள். அதற்கு முன்னால் அருங்காட்சியகத்திலிருந்து எட்வின் என்ற அலுவலர் வந்து சேர்ந்தார். கையில் அளவு டேப்பும் நம்பர் ஒட்டிகளும் வைத்திருந்தார்.

“இருக்கிறது இருக்கிற மாதிரியே வேணும்மா. ஒரு கரண்டி கூடவும் கூடாது, குறையவும் கூடாது,” என்றார்.

எது எங்கே இருக்கிறதென்று வடிவுக்குத்தானே தெரியும்? நோட்டுப் புத்தகம் அவள் கைக்கு வந்தது.

“அக்கா, எல்லாத்தையுமா எழுதணும்? காம்பு போன கரண்டி, நசுங்குன போணி, இதெல்லாமா?”

“இருக்கிறத எழுது.”

“நாலு பேரு வந்து பாக்குற எடம்லாக்கா?”

“இருக்கிறத எழுதுட்டி. இதுல என்ன யோசன?”

வடிவு எழுதினாள். அம்மி, குழவி, உரல், உலக்கை, அஞ்சறைப் பெட்டி, மூன்று இருப்புச் சட்டி, கரி படிந்த கதவு. இருநூற்றுப் பதினொன்று வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டை எழுத உப்பு ஜாடியை நகர்த்தினாள். பின்னால் ஒரு மஞ்சள் பாக்கெட் நின்றுகொண்டிருந்தது.

கடையில் விற்கிற குழம்புப் பொடி! பாதி காலியாகி, வாயை மடித்து, துணிக்குப் போடுகிற பச்சைக் கிளிப் மாட்டியிருந்தது.

யாராவது விருந்தாளி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்தப் பச்சைக் கிளிப்பின் ஜோடி முற்றத்துக் கொடியில் அக்காவின் சேலையில் மாட்டியிருந்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பொடி அடைத்த தேதியைப் பார்த்தாள். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஊர் உலகம் பார்க்கப் போகிற இடத்தில் இதைக் கொண்டுபோய் வைப்பதா? எட்வின் ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். சட்டென்று பாக்கெட்டைத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

இதே மாதிரி மஞ்சள் பாக்கெட்டை அவள் முன்பும் ஒருமுறை கையில் பிடித்திருக்கிறாள். ஐந்து வருஷம் இருக்கும். மருமகள் சுகந்தி கல்யாணமாகி வந்த புதிது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறரைக்கு பஸ் ஏற வேண்டியவள், அவசரத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, வடிவு அதைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

சுகந்தி சண்டை போடவில்லை. அடுத்த மாதமே மகனும் அவளும் பெருமாள்புரத்தில் தனிவீடு பார்த்துப் போய்விட்டார்கள். பேத்திக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறாள், பாட்டியிடம் ஒட்டுவதில்லை.

மத்தியானம் அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். எட்வினுக்குத் தன் கையால் ஒருவேளைச் சாப்பாடு போடாமல் அடுப்பை அணைக்கமாட்டாளாம். சட்டியில் கத்தரிக்காய் வதங்கியது. அக்கா உப்பு ஜாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள்.

“ஏட்டி வடிவு, இங்கன ஒரு பாக்கெட்டு இருந்துச்சே, கண்டியா?”

கூசாமல் கேட்கிறாளே! அதுவும் அந்த மனுஷரை வைத்துக்கொண்டு.

“இல்லியேக்கா.”

இருபத்தெட்டு வருஷத்தில் அக்காவிடம் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். மூக்கை லேசாக உறிஞ்சினாள்.

“உம் பையில மல்லிப்பொடி வாசம் வருதே வடிவு.”

வடிவு எடுத்துக் கொடுத்தாள். அக்கா கிளிப்பைக் கழற்றி, இரண்டு கரண்டி போட்டு, புளியைக் கரைத்து ஊற்றினாள். பாக்கெட்டை மறைக்கவில்லை.

எட்வின் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார். “புத்தகத்துல இருக்கிற அதே குழம்பும்மா!” என்றார்.

வடிவு ஒரு வாய் வைத்தாள். அடக் கடவுளே! வெள்ளிக்கிழமைதோறும் இங்கே சாப்பிட்டுவிட்டு, ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி வரமாட்டேங்குது’ என்று வீட்டுக்குப் போய் மறுபடியும் இடித்தாளே, அந்தக் குழம்பு!

எட்வின் லாரி வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனார். வடிவு அதற்காகத்தான் காத்திருந்தாள்.

“எத்தன நாளாக்கா?”

“ஏழு வருசம். கை விட்டுப்போச்சு. உலக்கையத் தூக்க முடியல. வெள்ளிக்கிழம நீ வாரதுக்குள்ள குழம்ப எறக்கிருவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“வெக்கமா இருந்துச்சுட்டி. அப்படி எழுதிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? நீ வேற அந்த வரிய நெத்தியில எழுதி ஒட்டாத குறையாத் திரிஞ்ச.”

வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சுகந்தி தனியாப் போனது ஆஸ்பத்திரி பக்கம்னு சொன்னேம்லாக்கா. அதுக்கில்ல. அவ வாங்கி வச்ச பொடிய நான் அங்கணத்துல கொட்டுனேன். எல்லாரு முன்னாடியும்.”

“என்ன சொல்லிக் கொட்டுன?”

வடிவு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தை மடித்தாள்.

“சொல்லுட்டி.”

“‘ஆவுடையக்கா அடுக்களையில இதெல்லாம் உண்டாட்டி?’ன்னு கேட்டேன்.”

அக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எம்பேரச் சொல்லியா கேட்ட?”

“ஆமாக்கா.”

“அது எப்பம்?”

“அஞ்சு வருசம் ஆச்சு.”

“அப்பவும் இந்தப் பொடி அங்கதான் இருந்துச்சு,” என்றாள் அக்கா. உப்பு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கி வடிவு அதுவரை பார்த்ததில்லை.

எட்வின் உள்ளே வந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சார், ஒரு நம்பர் குடுங்க.”

வாங்கி, மஞ்சள் பாக்கெட்டின் நெஞ்சில் தானே ஒட்டினாள். அம்மிக்கு நேர் மேலே, உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற அலமாரித் தட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

எட்வின் தலையைச் சொறிந்தார். “எங்க இருந்துச்சோ அங்கதாம்மா வைக்கணும். அதுதான் விதி.”

“அங்க ஒளிச்சு வச்சிருந்தேன் சார். இனி ஒளிக்கல.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வடிவின் முகத்தையும் பார்த்தார். என்ன புரிந்ததோ, “சரிம்மா,” என்றார். “உள்ள இருக்கிற பொடி மட்டும் வேண்டாம், பூச்சி வந்துரும். பாக்கெட் போதும்.”

“வடிவு, எழுது.”

வடிவு எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு, உப்பு ஜாடி. இருநூற்றுப் பதிமூன்று, குழம்புப் பொடி பாக்கெட். பேனா நகரவே மாட்டேன் என்றது. எட்வின் காதில் விழாமல் முணுமுணுத்தாள்.

“ஊரு சிரிக்குமேக்கா.”

“சிரிக்கட்டும்.”

அக்கா பாக்கெட்டிலிருந்த பொடியை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் தட்டினாள். ஒரு பொட்டு சிந்தவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து வடிவின் கையில் வைத்தாள்.

“இது சுகந்திக்கு. இன்னைக்கே போ. லாரியில ஏத்துறத நான் பாத்துக்கிடுதேன்.”

“அவ வாங்கமாட்டாக்கா.”

“குடுத்துப் பாரு.”

“வாசல்ல நின்னு நான் என்னன்னு சொல்லிக் குடுக்க?”

அக்கா டப்பாவின் மூடியை ஒருமுறை அழுத்திவிட்டாள்.

“‘ஆவுடையக்கா அடுக்களையில உண்டு’ன்னு சொல்லு.”