நெளிந்த டம்ளர்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சூடு தாங்கும் பிளாஸ்டிக் செய்கிற ஆராய்ச்சிக்கு வந்தவன் சென்னியப்பன். அவனுக்கு வழிகாட்டி கமருன்னிசா மேடம். வயதில் அவனைவிடச் சின்னவர். ஆனாலும் குரு குருதானே.

ஒருநாள் ஆய்வகத்து டீ மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"நான் கிளம்பறனுங்க மேடம். கம்பெனியில திரும்பக் கூப்பிடறாங்க."

"பிளாஸ்டிக் என்னாச்சு?"

"மோட்டார் கம்பி மேல பூசணும்னா அது கரையணுங்க. சூடு தாங்கறது எதுலயும் கரைய மாட்டேங்குது. அதோட மூலக்கூறுச் சங்கிலிக எல்லாம் அப்படி இறுகிக் கெடக்குது. நடுவுல இளக்கமான கண்ணியைக் கோத்தா நல்லாக் கரையுது. சூடு பட்டதும் கூழாயிருது."

மேடம் மேசை மேல் கழுவி வைத்திருந்த பாத்திரங்களுக்குள் கைவிட்டார். ஒன்றுக்குள் ஒன்று சிக்கின இரண்டு எவர்சில்வர் டம்ளரை நீட்டினார்.

முறுக்கினான். தட்டினான். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இதையே கழட்டத் தெரியல. கம்பெனியில போய் மோட்டாரக் கழட்டப் போறாராம்!"

சுடுதண்ணீரில் வைத்து ஒருவழியாகப் பிரித்தான்.

"இனிமே ஒட்டாம அடுக்குங்க."

நடுவில் பேப்பரைச் சுற்றி வைத்தான். மேடம் அப்படியே எடுத்து டீ அடுப்பில் வைத்தார். பேப்பர் கருகிப் புகைந்தது.

"இதேதானுங்க மேடம் என் பொழப்பு!"

மேடம் கழுவின பாத்திரங்களைத் துழாவி, நசுங்கி நெளிந்த டம்ளர் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். மறுபடி அடுப்பு. சூடேறின பிறகு இடுக்கியால் தூக்கினார். மூன்றும் தனித்தனியாக வந்தன.

"இது மட்டும் என்ன மண்ணா? இதுவும் எவர்சில்வர்தானே?"

"எவர்சில்வர்தானுங்க. ஆனா நெளி..."

பாதியில் நிறுத்தினான். டீகூடக் குடிக்காமல் ஓடினான்.

மற்றதைப் போலவே விறைப்பான கண்ணி, ஆனால் கோணலானது. அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, சங்கிலியில் ஊடே ஊடே கோத்தான். வந்த பிளாஸ்டிக் தூளைச் சூட்டு அடுப்பில் வைத்தான். இளகவில்லை.

இனிக் கரைய வேண்டும். இல்லாவிட்டால் கோயம்புத்தூர் ரயில்தான்.

"நீங்களே ஊத்துங்க மேடம். உங்க கை ராசியான கையிங்க."

"உங்க தூள். உங்க கை."

தூள் இருந்த சீசாவில் கரைப்பானை ஊற்றினான். குலுக்கினான். கலங்கிக்கொண்டே கிடந்தது. மறுபடி குலுக்கினான். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, சீசாவில் தூளே இல்லை.

"மேடம், உங்களுக்கு நான்..." கையெடுத்துக் கும்பிட்டான்.

மேடம் சீசாவை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கி, அதன் வழியாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணைத் துடைங்க. நல்லாத் தெரியுது."