அறுபது மீட்டர் மரம்

பல வகை மரங்கள் கலந்து நிற்கும் மலைக்காட்டை விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சியே அளந்துவிட்ட பெருமை ஆய்வாளர் சபேசனுக்குத் தாங்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு உதைத்தது.

"அறுபது மீட்டர் மரம் ஒண்ணு இங்கே நிக்கணும், காணோம். யாருக்கு வெட்டிக் கொடுத்தே?" என்று வனக்காவலர் நஞ்சியைப் பிடித்துக்கொண்டார். திருட்டு என்று அறிக்கையும் எழுதியாயிற்று. சாயங்காலத்துக்குள் மரத்தைக் காட்டாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

நஞ்சி அவருடைய கணினிப் படத்தில் அந்த இடத்தைப் பார்த்தாள். "மரம் பத்திரமா இருக்கு சார். சுத்தளவு எடுக்க நாடாவோட வாங்க."

மூச்சு வாங்க நஞ்சியின் பின்னால் ஓடைப் பள்ளத்தில் இறங்கினார் சபேசன். "எங்கே மரம்?"

"தரையிலிருந்து நெஞ்சு உயரத்துலதானே சுத்தளவு எடுப்பீங்க? உங்க மெஷினுக்கு இதுதான் தரை. நாடாவைப் பிடிங்க சார்."

அவர் நெஞ்சுக்கு நேரே வழுக்குப் பாறைதான் இருந்தது. "இது பாறையாச்சே!"

"மேலே பாருங்க."

செங்குத்தான பாறை உச்சியில் வேர்விட்ட நாவல் மரம் ஒன்று, பள்ளத்துக்கு மேல் சாய்ந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. லேசர் அதன் தலையைத் தொட்டுவிட்டு நேரே ஓடையில் வந்து விழுந்து, நடுவில் இருந்த உயரம் முழுவதையும் மரம் என்றே கணக்கிட்டிருக்கிறது.

"மரம் இருபது, பாறை நாற்பது. இதுல எதை சார் நான் வெட்டிக் கொடுத்தேன்?"

சபேசன் பாறையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஓடையே அதிரச் சிரித்தார். "அடுத்த தடவை நீங்களும் விமானத்துல வரணும், நஞ்சி."

"வரேன் சார். முதல்ல அந்த அறிக்கையில என் பேரைக் கோடு போட்டு அடிங்க."

பையிலிருந்த அறிக்கையை எடுத்து, அந்தப் பாறைமேலேயே தாளை வைத்து அவள் பெயரை அடித்தார்.