ஜாக்கியில் நின்ற கார்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் செங்கமலத்துக்குப் பயம். கார் ஷெட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலை மிதித்ததும் எல்லாம் கலைந்துபோயிற்று. சாவி மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

உள்ளே நாச்சியார் அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். செங்கமலத்தைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் குரு என்பதால் இவள் அவரை அம்மா என்பாள். மூத்தவள் என்பதால் அவர் இவளை அக்கா என்பார். ஏற்காட்டு மலைமேல் அந்தச் சின்ன ஆசிரமத்தில் சமையலும் செங்கமலம்தான், கார் ஓட்டுவதும் செங்கமலம்தான்.

"அம்மா, வண்டி ஓடுது. ஆனா ஓடலைன்னு காட்டுது."

"அடக்கமான வண்டி போலிருக்கு."

"விளையாடாதீங்கம்மா. வேகம் காட்டுற மீட்டர் முள்ளு பூஜ்யத்துலயே படுத்துக் கிடக்கு. நாளைக்குக் காலையில மலர்க்கொடியை ஏத்திக்கிட்டு இறங்கணும்."

மலர்க்கொடி அவள் மகள். நிறைமாதம், தலைப்பிரசவம். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து நேரே அங்கே வருவதாகப் பேச்சு. மலையிறங்க இருந்தது, ஒரு பக்தர் விட்டுப்போன அந்தப் பழைய அம்பாசடர் மட்டுமே.

"முள்ளு இல்லாட்டி இறங்க முடியாதா, அக்கா?"

"இருபதைத் தாண்டாம அதையே பார்த்துப் பார்த்து இறங்குறவம்மா நான்."

"கண்ணு இருக்கு. காது இருக்கு."

"பயந்துட்டா எனக்கு எல்லாமே வேகமாத்தான் தெரியும்."

நாச்சியார் அம்மா அவரைக்காயை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, தேடிப் பார்ப்போம்."

செங்கமலம் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் மீட்டரை விட்டுக் கழன்று தொங்கியது. திருகு மட்டும்தான் தளர்ந்திருந்தது. விரலாலேயே இறுக்கினாள். சரியாகிவிட்டதா என்று ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் பயம். முன்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினாள்.

"அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க."

"நீங்க மட்டும் உள்ளே உட்காருவீங்களாக்கும்?" என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார் அவர்.

இன்ஜின் உறுமியது. கியர் விழுந்ததும் தூக்கிய சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. முள் ஒரு நடுக்கத்தோடு எழுந்து பத்துக்கு வந்தது, இருபதுக்கு வந்தது.

"வந்திருச்சும்மா!" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை. "ஆனா பாதி வழியில மறுபடி கழண்டுக்கிட்டா? மூடுபனி இறங்கினா? வளைவுல எதிர்க்க பஸ் வந்தா? வண்டியிலேயே வலி எடுத்துட்டா நான் ஒருத்தி என்னம்மா செய்வேன்? பின்னாடி இவ கத்துவா, முன்னாடி பஸ்காரன் கத்துவான்..."

"அக்கா."

"மாப்பிள்ளை வேற சமயத்துக்கு வந்து சேருவாரோ என்னவோ..."

"அக்கா, இப்ப எங்க வந்திருக்கோம்?"

செங்கமலம் ஜன்னல் வழியே பார்த்தாள். காலையில் அவள் காயப்போட்ட புடவை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப்புறம் மிளகுக்கொடி.

"இங்கதாம்மா. எங்கயும் போகலையே."

"முள்ளு?"

அவள் குனிந்து பார்த்தாள். அறுபது. கால் எப்போது அத்தனை அழுந்தியது என்று தெரியவில்லை. ஜாக்கியின்மேல் கார் முழுக்க உதறிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று காலை எடுத்தாள். சாவியைத் திருப்பினாள். சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

முள் பூஜ்யத்துக்கு இறங்கியதைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இந்த முள்ளை நம்பக் கூடாதாம்மா?"

"முள்ளு பொய் சொல்லலையே அக்கா. சக்கரம் ஓடினது நிசம்தான்" என்றார் நாச்சியார் அம்மா. "தரைதான் இல்லை."

மறுநாள் காலை மலைப்பாதையில் மூடுபனி இறங்கத்தான் செய்தது. மலர்க்கொடி பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பனிக்குள் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், செங்கமலத்தின் மனசு எதிரே வராத பஸ்ஸையும் எடுக்காத வலியையும் தேடிக்கொண்டு ஓடியது. முள் முப்பதைத் தொட்டது.

"கொடி, இப்ப எங்க வந்திருக்கோம்?"

"என்னம்மா நீ, ஓட்டுறவ என்னைக் கேக்கிற?" மகள் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். "பலாமரத்து வளைவு. அதோ தெரியுது பாரு."

செங்கமலம் பலாமரத்தைப் பார்த்தாள். காலைத் தளர்த்தினாள். இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹாரனை நீளமாக அடித்துவிட்டு, மலையோரமாக ஒட்டி வண்டியைத் திருப்பினாள்.