மொடாவை அடுப்பேற்றிய வெள்ளச்சி

அந்தக் காலத்தில் ஈக்கும் வாய் இருந்தது, மனுசரோடு சரிக்குச் சரி பேசும். அப்போது வெள்ளச்சி என்றொருத்தி அரிசிக்கஞ்சியைக் காய்ச்சிப் புளிக்க வைத்துக் கள்ளாக்கப் பார்த்தாள். எத்தனை தடவை வைத்தாலும் ஊசிப்போய் நாறியதே தவிர, கள்ளாகவில்லை. பனம்பழத்தில் மொய்த்துக்கொண்டிருந்த ஒரு சின்ன ஈ அதைப் பார்த்து இரக்கப்பட்டது. அந்த இரக்கம்தான் அதற்கு வினையாய் வந்தது.

"அக்கா, என் காலில் பனம்பழத்துப் புளிப்பு ஒட்டியிருக்கு. உன் கஞ்சியில ஒருதரம் நனைச்சுட்டுப் போறேன், பொங்கி வரும். கள்ளை நீ வடிச்சுக்கோ. அடியில தங்குற மண்டியை மட்டும் என் பிள்ளைகளுக்கு விட்டுடு."

"இதென்ன பெரிய விஷயம்? உன் பிள்ளையும் என் பிள்ளை மாதிரிதான்" என்றாள் வெள்ளச்சி.

அப்படியே நடந்தது. காய்ச்சுவதற்கு ஒரு பானை, புளிக்க வைப்பதற்குப் பெரிய மண் மொடா. மொடா அடுப்பைக் கண்டதே இல்லை. கள்ளை வடித்த பிறகு ஈ அதன் மண்டியில் முட்டையிடும். பிள்ளைகள் தின்று வளர்ந்து, இறகு முளைத்துப் பறந்த பிறகுதான் வெள்ளச்சி மொடாவைக் கழுவுவாள்.

ஒருமுறை அவள் மகள் பூவாயியைப் பெண் கேட்டு வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். கள்ளுக்குப் பேர்போன வீட்டில் கள் இல்லாமல் எப்படி? அந்த நேரம் பார்த்துக் காய்ச்சும் பானை விரிசல் விட்டது. வெள்ளச்சி மொடாவைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். இதிலேயே காய்ச்சி இதிலேயே புளிக்க வைத்தால் போயிற்று என்று நினைத்தாள்.

"ஐயோ அக்கா, உள்ள என் பிள்ளைக இருக்கு! நாளைக்கு இறகு முளைச்சிடும், ஒரு நாள் பொறு!"

"பொறுத்தா என் மகளுக்கு யார் பதில் சொல்றது? ஈக்குப் பிள்ளைக்கா பஞ்சம்? வேற பெத்துக்கோ, போ."

தண்ணீரை ஊற்றித் தீயைத் தள்ளினாள், பாவி! ஈ விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கஞ்சி தளதளவென்று கொதிக்கிற சத்தத்தில் அது யார் காதில் விழும்?

ஆறியதும் கொட்டாங்குச்சியில் எடுத்து வைத்திருந்த பழைய கள்ளை உறையாக ஊற்றி மூடினாள். நன்றாகவே பொங்கியது. ஆனால் மூடிச் சந்தில் நுழைந்த ஈ, பிள்ளைகளைத் தேடி அந்தக் கள்ளெல்லாம் அலைந்து அழுதது. அதன் வயிற்றெரிச்சல் பட்டு அத்தனையும் வாயில் வைக்க முடியாத புளிப்புக் காடியாகிப்போனது.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "சம்பந்தம் பேச வந்தவங்களுக்குக் காடியா ஊத்துற?" என்று எழுந்து நடந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற பூவாயி தேம்பினாள்.

"என் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துட்டியே!" என்று வெள்ளச்சி ஈயிடம் ஓடினாள். ஈ மொடா விளிம்பை விட்டுப் பறந்து போனது. அதற்கப்புறம் அது மனுசரிடம் பேசவே இல்லை.

அன்று முதல்தான், காய்ச்சிய பானையிலேயே கள்ளைப் புளிக்க வைக்கிறவர்கள் அதன் வாயைத் துணியால் இறுகக் கட்டுகிறார்கள். எவ்வளவு கட்டினாலும் குவளையில் ஒரு ஈ வந்து விழும், பிள்ளைகளைத் தேடி. நாம் அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறோம்.