பாட்டுத்தட்டும் ஒரு விசிலும்

உமையாள் அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவருடைய சீடர் பரஞ்சோதிக்கு அறுபத்தொன்று. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனவரை, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள் என்று உமையாள் அம்மாவின் கடற்கரையோர மடத்துக்கு அனுப்பிவைத்தார் டாக்டர். மூச்சு மூன்றே மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் பரஞ்சோதி ஏழு வருடமாக வந்துகொண்டிருக்கிறார். மூச்சைத் தவிர வேறு சிலதும் சரியில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அன்று காலை அவர் பயிற்சிக்கு உட்காரவில்லை. நாலாக மடித்த கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்து ஓரமாக நின்றார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“யாரோட ஆட்டமும் இல்லாத ஒரு ஆட்டத்த எதுக்கு ஆடணும்?”

உமையாள் அம்மா மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை வேப்பமரத்தில் சாய்த்துவைத்தார்.

“எந்த ஆட்டம்?”

“பாட்டுத்தட்டு.”

உமையாள் அம்மா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. அதை ஆடியவர்களைத் தவிர யாரும் கேள்விப்பட்டதில்லை.

கடலுக்கு இந்தப் பக்கம் சடுகுடு. பாடிப் போகிறவனை நாலு பேர் மடக்கிப் பிடித்தாலும், மூச்சு அறும்வரை அவன் ஆட்டத்தில் இருக்கிறான். இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்த நாலு பேரும் வெளியே. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், கிளித்தட்டு. கோடுகளில் காவல் நிற்பவர்களைத் தாண்டி ஓட வேண்டும். ஒரு விரல் பட்டால் போதும், ஓடியவன் வெளியே.

பத்து வருடத்துக்கு முன் இரண்டு கரைச் சங்கங்களும் கூடிப் பேசி இரண்டையும் கலந்தன. பாட்டு இங்கிருந்து வந்தது, கோடு அங்கிருந்து வந்தது. பாடிக்கொண்டே கோடுகளைத் தாண்ட வேண்டும், தொட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு போட்டி, ஒருமுறை இங்கே, மறுமுறை அங்கே. மற்ற நாட்களில் இரண்டு கரையிலும் ஒரு குஞ்சு குளுவான்கூட அதை ஆடுவதில்லை.

பரஞ்சோதி இந்தக் கரைச் சங்கத்தின் செயலாளர். போட்டி இங்கே நடந்தால் நடுவரும் அவர்தான். சின்னச் சங்கங்களில் அப்படித்தான், நாற்காலி போடுகிறவரே மாலையும் போட்டுக்கொள்வார்.

“இனிமே வேண்டாம்னு எழுதிட்டேம்மா,” என்றார் பரஞ்சோதி. “சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டு சங்கத்துக்கும் அனுப்பணும். நான் வேண்டாம்னா நின்னுரும்.”

“எழுதியாச்சுன்னா அப்புறம் என்ன கேள்வி?”

பரஞ்சோதி கடிதத்தின் மடிப்பைப் பிரித்தார்.

“படிங்க, கேப்போம்.”

படித்தார். கூட்டம் வருடத்துக்கு வருடம் குறைகிறது. பேர் பெற்ற வீரர்கள் வருவதில்லை. இங்குள்ளவர்கள் இதை அந்தக் கரை ஆட்டம் என்கிறார்கள், அங்குள்ளவர்கள் இதை இந்தக் கரை ஆட்டம் என்கிறார்கள். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ‘நேற்று முன்தினம் நடந்த இறுதிப் போட்டியில், விசிலை மதிக்காமல் ஓடிய நமது வீரர் முனியசாமி மோதியதில், யாழ்ப்பாண அணியின் துவாரகனுக்குக் காறை எலும்பு முறிந்தது. முனியசாமியை இனி எந்தப் போட்டியிலும் சேர்க்கலாகாது. இத்தொடரையும் இத்துடன் நிறுத்திக்கொள்வதே நலம்.’

கடிதம் நன்றாகவே இருந்தது. பரஞ்சோதிக்கே அது கொஞ்சம் பிடித்திருந்தது.

“முனியசாமி என்ன சொல்றாரு?”

“மேளச் சத்தத்துல விசில் காதுல விழலங்கிறான். செல்போன்ல எடுத்த படத்துலயும் மேளந்தான் கேக்குது. ஆனா நான் ஊதுனேம்மா.” மறுபடியும் சொன்னார். “ஊதுனேன்.”

இரண்டாம் தரம் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

“எனக்கு அந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுங்க,” என்றார் உமையாள் அம்மா.

“இப்பவா?”

“அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல.”

பரஞ்சோதி வேட்டியை மடித்துக் கட்டினார். பெருக்கிய மணலில் ஒரு குச்சியால் குறுக்காக மூன்று கோடு கிழித்தார். நடுக்கோட்டில் தான் நின்றுகொண்டார். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் அவருடைய வயதில் பாதி காணாமல் போய்விட்டது.

“நீங்க அங்கிருந்து பாடிக்கிட்டே வரணும். ஒரே மூச்சு. என்னையத் தாண்டி, அந்தக் கடைசிக் கோட்டத் தொடணும். நான் கோட்ட விட்டு எறங்கக் கூடாது. நான் தொட்டா நீங்க நிக்கணும்.”

“நிக்கலன்னா?”

“அதான் நடுவர் இருக்காருல்ல. அவுட்னு சொல்லி நிப்பாட்டுவாரு.”

“இங்க நடுவர் யாரு?”

“அதுவும் நாந்தான்.”

உமையாள் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மூச்சை இழுத்துக்கொண்டு, “சடுகுடு சடுகுடு” என்று அடிக்குரலில் ஆரம்பித்து, நிதானமாக வந்தார். நடுக்கோட்டுக்கு வந்ததும் இடப்பக்கம் போவது போல் சாய்ந்து, வலப்பக்கம் நுழைந்தார். பரஞ்சோதியின் கை அவர் தோளில் பட்டது.

அவர் நிற்கவில்லை. பாடிக்கொண்டே கடைசிக் கோட்டுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி வேப்பமரத்தைச் சுற்றினார். மூச்சைச் சொல்லிக்கொடுக்கிறவரின் மூச்சு லேசில் தீரவில்லை. பரஞ்சோதி தலையைச் சாய்த்து அந்தப் பாட்டையே கேட்டுக்கொண்டு நின்றார். பாட்டு ஒரு வழியாக அறுந்தது.

“அவுட்,” என்றார் பரஞ்சோதி.

“எங்க தொட்டீங்க என்னைய?”

“இங்கதாம்மா.” காலடியைக் காட்டினார்.

உமையாள் அம்மா அங்கே வந்து நின்று, மணலில் பதிந்த தன் தடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனார். வேப்பமரத்தைச் சுற்றி முடிக்கும்போது பத்தொன்பது.

“பத்தொம்பது அடி வச்சிருக்கேன். ஏன் அப்பவே சொல்லல?”

“பாட்டு இன்னும் அறுபடலையேம்மா,” என்றார் பரஞ்சோதி.

சொல்லி முடித்தபின்தான் அது அவர் காதில் விழுந்தது.

மேளம் அடித்துக்கொண்டிருந்த மைதானம் கண்முன் வந்தது. முனியசாமி பாடிக்கொண்டு வருகிறான். துவாரகன் அவன் விலாவில் தொடுகிறான். தொட்டாயிற்று, அவன் ஊர் ஆட்டத்தில் அத்தோடு முடிந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தன் ஆட்கள் பக்கம் திரும்புகிறான். முனியசாமிக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது, இவன் ஊர் ஆட்டத்தில் இன்னும் முடியவில்லை. கோட்டைப் பார்த்துப் பாய்கிறான். விசில் பரஞ்சோதியின் உதட்டில்தான் இருக்கிறது. அவரும் முனியசாமியின் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

ஊதினார். துவாரகன் கீழே விழுந்து, பாட்டு நின்ற பிறகு ஊதினார்.

உமையாள் அம்மா விளக்குமாற்றை எடுத்தார்.

“அழிச்சிராதீங்கம்மா,” என்றார் பரஞ்சோதி.

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

துவாரகனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் வாசலில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் முனியசாமி குந்தியிருந்தான். இரண்டு நாளாக அதே இடம்தான் போலிருக்கிறது. உள்ளே போகவும் துணிவில்லை, வீட்டுக்குப் போகவும் மனமில்லை. பரஞ்சோதியைக் கண்டதும் எழுந்து துண்டைக் கையில் எடுத்தான்.

“சார், இனி ஆயுசுக்கும் நான் வெளியதான்னு பேசிக்கிறாய்ங்க. நெசமா சார்?”

பரஞ்சோதியின் கை பையில் இருந்த கடிதத்தின் மேல் போனது.

“தப்பு எம்மேலதான் சார். விசிலு ஊதியிருக்கீக, எனக்கு விழுகல. மேளம் அடிச்சாய்ங்கன்னு சொல்றதெல்லாம் சும்மா. கவனிச்சிருக்கணும்.”

தன் பொய்யை இன்னொருவன் உண்மை என்று நம்பி, அதற்காகத் தலை குனிந்து நிற்பதைப் பார்ப்பது போன்ற தண்டனை வேறில்லை. பரஞ்சோதிக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, இவன் இப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டுமே என்று ஒரு நினைப்பும் ஓடியது. அந்த நினைப்புதான் அவரைப் பேசவைத்தது.

“விசில் அப்ப ஊதல முனியசாமி.”

“சார்?”

“அவன் விழுந்தப்புறந்தான் ஊதுனேன். உன் பாட்டு அறுபடட்டும்னு நின்னுட்டேன். வா உள்ள. அவன்ட்டயும் சொல்லணும்.”

துவாரகன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோளைச் சுற்றிக் கட்டு. ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவன். இன்னும் இரண்டு மாதத்துக்கு அந்தக் கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பரஞ்சோதி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை.

துவாரகன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முனியசாமியைப் பார்த்தான்.

“நான் தொட்டது உமக்கு விளங்கினதோ?”

“வெளங்குச்சு. ஆனா மூச்சு இருந்துச்சுல்ல. காலு போயிருச்சு.”

“எனக்கும் அதுதான். தொட்டாச்சு, முடிஞ்சுது எண்டு திரும்பிட்டன். விதியெல்லாம் பாடமாக்கித்தான் வந்தனான். உடம்பு பாடமாக்கேல்லை.”

“மன்னிச்சிருங்க தம்பி,” என்றார் பரஞ்சோதி.

“அதை இப்ப கேக்காதேங்கோ ஐயா. தோள் சுகமாகட்டும், பிறகு பாப்பம்.” கண்ணை மூடிக்கொண்டான். பரஞ்சோதி திரும்பும்போது கண்ணைத் திறக்காமலே சொன்னான். “விசிலை ஒரு ஆளிட்டக் குடுத்ததுதான் பிழை. உங்கட ஆளிட்ட ஒண்டு, எங்கட ஆளிட்ட ஒண்டு குடுத்திருக்கவேணும்.”

முனியசாமி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை.

மடத்துக்குத் திரும்பியபோது மணி நாலரை. முற்றம் முழுவதும் பெருக்கியிருந்தது. மூன்று கோடுகளும், வேப்பமரத்தைச் சுற்றிய தடங்களும் மட்டும் அப்படியே இருந்தன.

பரஞ்சோதி பஸ்ஸில் வரும்போதே புதிதாக எழுதிவிட்டிருந்தார். எழுத்து குலுங்கிக் குலுங்கி இருந்தது, முதல் கடிதத்தின் அழகில் பாதிகூட இல்லை. நடுவர் பரஞ்சோதி விசிலை எப்போது ஊதினார், ஏன் அப்போது ஊதினார் என்று அதில் இருந்தது. முனியசாமி மீது குற்றமில்லை என்று இருந்தது. செயலாளர் பதவியையும் விசிலையும் ஒப்படைப்பதாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

உமையாள் அம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு வரி காலியா கெடக்கே.”

“அதத்தாம்மா காலைலயே கேட்டேன். இந்த ஆட்டம் வேணுமா வேண்டாமாங்கிற அந்த வரி மட்டும் எழுத வரல.”

“ஏன்?”

பரஞ்சோதி தடங்களைப் பார்த்தபடி பேசினார்.

“இது வெறும் சடுகுடுவா இருந்தா நான் சரியான நேரத்துக்கு ஊதியிருப்பேன். வெறும் கிளித்தட்டா இருந்தா அவங்க நடுவரு சரியான நேரத்துக்கு ஊதியிருப்பாரு. அவங்கவங்க ஆட்டத்த அவங்கவங்க ஆடியிருந்தா அந்தப் பயலுக்குத் தோளு ஒடஞ்சிருக்காது. இந்தப் பயலுக்குப் பேரு கெட்டிருக்காது. நானும் பொய் சொல்லியிருக்க மாட்டேன். நாப்பது வருசமா விசில் ஊதுறேன், ஒரு தரம்கூடத் தப்பா ஊதுனதில்ல.”

“ஒரு தரம்கூட இல்லையா?”

“இல்லம்மா. கண்ண மூடிக்கிட்டுக்கூட ஊதுவேன்.”

“அப்படியா.”

“இந்த ஆட்டத்துலதான் முதல் தரம் தப்பிருச்சு. பெறகு இது எதுக்கும்மா?”

உமையாள் அம்மா பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

“நாப்பது வருசம் ஊதுனீங்க. உங்க காது எந்தக் கரைக் காதுன்னு இதுக்கு முன்னால எந்த ஆட்டம் உங்களுக்குச் சொல்லுச்சு?”