எறும்பு எழுத்து

வார்டில் ஒரு குழந்தை இறந்தது. போனில் கூப்பிட்டும் வராத பேராசிரியர் நமச்சிவாயம், பழியைப் பயிற்சி மருத்துவர் பூவிழிமேல் போட்டு அவள் படிப்புக்கே வேட்டு வைக்கப் பார்த்தார்.

“விசாரணைக் கூட்டத்துக்கு எல்லாத்தையும் ஒரே ஸ்லைடுல திணிம்மா. போன் விஷயம் கேஸ் ஷீட்டுல பதிவாயிருக்கு, விட முடியாது. ஆனா எவன் கண்ணுக்கும் தெரியக்கூடாது, எறும்பு எழுத்தாப் போடு,” என்று ஸ்லைடு தயாரிக்கும் வேலையையும் அவளிடமே கொடுத்தார்.

“சரி சார். யாருக்கும் தெரியாது, வழக்கம்போல நீங்களே வாசிச்சிடுங்க.”

வாய் ஓடினால் மூளை நின்றுவிடும் ஆசாமி அவர். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்துக் கடகடவென வாசித்தார்: “மூச்சுத் திணறல். பேராசிரியரை அழைத்தும் வரவில்லை. வலிப்பு...”

டீன் கையை உயர்த்தினார். “நடுவுல ஒண்ணு சொன்னீங்களே, அதை மறுபடி வாசிங்க.”

“எழுத்து பொடிசா இருக்கு சார், தெரியல.”

பூவிழி எழுந்தாள். “நான் சொல்றேன் சார். போன் பண்ணினது நான்தானே.”