மரங்கொத்தியும் அட்மின் குருவியும்

மூங்கிலாற்றுக் காட்டில் பொன்னுரங்கம் என்றொரு தூக்கணாங்குருவி, பிறருக்குக் கூடு பின்னிக் கொடுத்துப் பிழைத்து வந்தது. அந்தக் காட்டில் வீடு கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நிறையப் பேர். வளை தோண்டுபவர்கள், பொந்து குடைபவர்கள், கூடு தைப்பவர்கள் என்று எல்லாரும் மூன்று மலைகளில் சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம்.

காட்டுக்குள் செல்போன் வந்ததும் பொன்னுரங்கத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. ‘கூடும் வளையும்’ என்று ஒரு குழுவைத் தொடங்கியது. அதுவே அட்மின். ஒரே வருடத்தில் எழுபத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். “எந்த நார் மழையில் அழுகாது?” என்று யாராவது கேட்பார்கள். பத்துப் பேர் பதில் சொல்வார்கள். தொழிலில் யாரும் தனியாகத் திண்டாட வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் கொண்டையப்பன் குழுவில் சேர்ந்தது.

கொண்டையப்பன் ஒரு மரங்கொத்தி. பொந்து குடைவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. “பெரிய ஆள் நம்ம குழுவுக்கு வந்திருக்காரு!” என்று பொன்னுரங்கம் மகிழ்ந்துபோனது.

அந்த வாரமே செங்கமலம் என்ற வெள்ளெலி ஒரு கேள்வி கேட்டது. வளை தோண்டுவது அதன் தொழில். “மணல் பாங்கான இடத்தில் வளை சரிந்து சரிந்து விழுகிறது. என்ன செய்யலாம்?”

கொண்டையப்பன் உடனே எழுதியது: “முதலில் தொழிலை மாற்று!” கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் இருபது.

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி கொண்டையப்பனே இன்னொரு வரியும் எழுதியது: “நேராகத் தோண்டாதே. சாய்வாகத் தோண்டி, உள்ளே களிமண் பூசு.”

அது சரியான பதில்! அதைவிடச் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பொன்னுரங்கம் குழம்பிப்போனது. ‘கண்டிக்கலாமா? பதில் சரியா இருக்கே! விட்டுடலாமா? செங்கமலம் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?’ அன்றைக்குப் பின்ன வேண்டிய கூட்டின் வாசலைத் தலைகீழாகப் பின்னிவைத்து, அதைப் பிரித்து மறுபடி பின்னியது.

நாளாக நாளாகக் கொண்டையப்பனின் கேலி கூடியது. கூட்டின் படத்தைப் போட்டால், “இது கூடா, குப்பையா?” என்று கேட்கும். நன்றி சொன்னவரிடம், “இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை நாள் கட்டினியா?” என்று குத்தும். கடைசியில் ஒருநாள் பொன்னுரங்கம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அதற்குத் தனியாகச் செய்தி அனுப்பியது.

“அண்ணே, கொஞ்சம் பதமா எழுதலாமே…”

“நான் சொன்னதுல எது தப்பு?”

“தப்புன்னு இல்லண்ணே…”

“தப்பு இல்லேன்னா எதுக்கு மெசேஜ் அனுப்புறே?”

பொன்னுரங்கம் உடனே, “மன்னிச்சிருங்கண்ணே” என்று எழுதிவிட்டது. எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று அதற்கே புரியவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பேச்சு முழுவதும் குழுவில் கிடந்தது! மேலே ஒரு வரி: “உண்மையைச் சொன்னால் நம் அட்மினுக்கு வலிக்கிறதாம்!” சிலர் சிரித்தார்கள். சிலர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். யார் யார் பக்கம் என்று பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மலையடிவாரத்தில் வேலப்பன் என்ற எறும்புதின்னி அழுங்கு இருந்தது. குழு தொடங்கிய நாளிலிருந்து பொன்னுரங்கத்துக்குத் துணையாக இருப்பது. குருவி அதனிடம் ஓடியது.

“பேசாம விடு, பொன்னுரங்கம்! பெரிய வேலைக்காரன். அவனை அனுப்பிட்டா நாளைக்குப் பொந்து பத்தி யாரைக் கேட்பே? தானா அடங்கிடுவான்” என்றது வேலப்பன், சுருண்டு படுத்தபடியே.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. யார் பெயரையும் சொல்லாமல் குழுவில் ஓர் அறிவிப்பு எழுதியது: “உறுப்பினர்கள் அனைவரும் மரியாதையாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

முதலில் செங்கமலம்தான் பதில் எழுதியது. “நான் எதுவும் தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.” அடுத்து நீலவேணி என்ற மீன்கொத்தி: “எனக்கும்தான் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. இனி கவனமாக இருக்கிறேன்.” யாரையும் ஒரு சொல்லும் சொல்லாதவர்கள் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

கொண்டையப்பன் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. “அருமையான விதி! சில பேருக்கு இது ரொம்பத் தேவை!”

பொன்னுரங்கம் தலையில் கைவைக்காத குறையாக உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு குழுவில் சண்டை குறைந்தது. கேள்விகளும் குறைந்தன. நாள் முழுக்கக் கொண்டையப்பன் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும். ‘வேலப்பன் சொன்னது சரிதான். எழுபத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூட வெளியே போகலையே!’ என்று குருவி தன்னைத் தானே தேற்றிக்கொண்டது. ஆனால் எல்லாரும் இருக்கும் இடம் ஏன் இப்படி வெறிச்சென்று இருக்கிறது என்பதுதான் அதற்குப் புரியவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் நீலவேணி குழுவில் எழுதியது: “மேட்டு ஏரிக் கரையில் விரிசல்! தண்ணீர் கசிகிறது. பள்ளத்தில் இருப்பவர்கள் உடனே மேடேறுங்கள்!”

“பள்ளத்தில் இருப்பவர்கள் பதில் போடுங்கள்!” என்று பொன்னுரங்கமும் எழுதியது.

பதில் வந்தது. கொண்டையப்பனிடமிருந்து! “கரையில் துளை போட்டுக் குடியிருப்பதே மீன்கொத்திகள்தானே? விரிசலுக்குக் காரணம் யார் என்று நீலவேணி சொல்லட்டும்!”

“நான் இருப்பது எதிர்க்கரையில்!” என்றது நீலவேணி. கொண்டையப்பன் விடவில்லை. வரிக்கு வரி, வார்த்தைக்கு வார்த்தை. நாற்பது செய்திகளுக்கு அடியில் எச்சரிக்கை புதைந்துபோனது.

பொன்னுரங்கம் போனை வைத்துவிட்டுக் கொட்டும் மழையில் பறந்தது. செங்கமலம் குடியிருந்த பள்ளத்தை அடைந்தபோது, செம்மண் தண்ணீர் புல்லை மடக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. வளை வாயில் தலையை விட்டுக் கத்தியது. “செங்கமலம்! வெளியே வா! ஏரி உடையுது!”

செங்கமலம் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. பாறைமேல் அதை வைத்துவிட்டு மறுபடி உள்ளே ஓடியது. மறுபடியும் ஓடியது. நான்காவது குட்டியோடு ஏறி வந்தபோது அதன் வயிறுவரை தண்ணீர். திரும்பிப் பார்ப்பதற்குள் வளை வாயைக் காணோம். மழைக்காலத்துக்கென்று பாடுபட்டுச் சேர்த்த தானியமெல்லாம் அதற்குள்ளேயே போயிற்று.

இரண்டும் பாறைமேல் நடுங்கிக்கொண்டு நின்றன.

“நீலவேணி காலையிலேயே எழுதினாளே! நீ பார்க்கலையா?” என்று கேட்டது பொன்னுரங்கம்.

“அந்தக் குழுவை நான் மியூட் பண்ணி மூணு மாசம் ஆச்சு, அண்ணே. பள்ளத்துல இருக்கிற எல்லாருமே அப்படித்தான்.”

“பிடிக்கலேன்னா விலகியிருக்கலாமே?”

“விலகினா நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் பேரை மட்டும் விட்டு வச்சோம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

செங்கமலம் குட்டிகளை நக்கித் துடைத்துக்கொண்டே சொன்னது: “எல்லாத்தையும் நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”



மழை விட்டதும் பொன்னுரங்கம் நேரே கொண்டையப்பன் இருந்த மரத்துக்குப் போனது. இறகு இன்னும் காயவில்லை. தான் செய்யப்போவது சரியா தவறா என்று அப்போதும் அதற்கு நிச்சயமில்லை. இருந்தாலும் பேசியது.

“அண்ணே, நீங்க செங்கமலத்தைத் தொழிலை மாத்தச் சொன்னீங்க. தனியாப் பேசினதைப் பொதுவுல போட்டீங்க. இன்னிக்கு ஆபத்துன்னு எழுதினவளோட சண்டை பிடிச்சீங்க. இந்த மூணும் நம்ம குழுவுல நடக்கக் கூடாது. ஒரு மாசம் நீங்க குழுவுல எழுத முடியாது. அப்புறம் இப்படி நடக்காதுன்னா வாங்க.”

கொண்டையப்பனின் கொண்டை சிலிர்த்தது. “நான் சொன்ன பதில்ல ஒண்ணாவது தப்பா இருந்திருக்கா?”

“ஒண்ணும் தப்பில்லண்ணே. ஆனா அதைக் கேட்க அங்க ஆள் இல்லாம போயிட்டாங்க.”

“நீயெல்லாம் ஒரு அட்மினா!” என்று கத்திவிட்டு, மரங்கொத்தி அந்த நிமிடமே குழுவிலிருந்து தானாக வெளியேறியது.

நடந்ததைப் பொன்னுரங்கம் குழுவில் மறைக்காமல் எழுதியது. “இதை முன்பே செய்யாதது என் தவறு” என்றும் எழுதியது. வேலப்பனுக்குக் கோபம். இரண்டு பேர், “பெரிய ஆளை இழந்துவிட்டோம்” என்றார்கள். மற்றபடி சத்தமே இல்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. குருவி நூறு முறை போனை எடுத்துப் பார்த்தது. ‘அவசரப்பட்டுட்டேனோ?’

மூன்றாம் நாள் மதியம் ஒரு செய்தி வந்தது. எழுதியது ஒரு தையல்சிட்டு. குழுவில் சேர்ந்து எட்டு மாதமாகியும் அது வாய் திறந்ததே இல்லை.

“எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இலையைத் தைக்கும்போது ஓரம் கிழிந்துவிடுகிறது. கேட்டால் யாரும் சிரிக்க மாட்டீர்களே?”

பொன்னுரங்கம் பதில் எழுதத் தொடங்கியது. எழுதி முடிப்பதற்குள் ஐந்து பேர் முந்திக்கொண்டார்கள்.

ஒருவர் மனம் நோகுமே என்று தயங்கி நிற்பவர், ஓசையில்லாமல் ஒதுங்கிப்போகும் பலரை இழந்துவிடுவார்.